நின்றபடி திருப்பினாலும் "டொக்" என்கிறதா? ஸ்டியரிங் ரெக்கைக் கழற்ற அவசரப்படாதீர்கள்

நோர்வூட் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன் 2014ஆம் ஆண்டு வேகன் ஆர் கார் ஒன்று வாங்கினாராம். ஹட்டன் போகும் வழியில் முடக்குகளில் திருப்பும்போது முன்பக்கம் "டொக்" என்று ஒரு சத்தம். வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்க நின்றபடி ஸ்டியரிங்கைச் சுற்றினாலும் அதே சத்தம். காலையில் கொஞ்சம் கூடுதல். கராஜில் ஸ்டியரிங் ரெக் (ஸ்டியரிங்கின் சுற்றலை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) முழுவதையுமே மாற்ற வேண்டும் என்கிறார்கள். விற்றவரோ, "பவர் ஸ்டியரிங் ஒயில் குறைந்திருக்கும், ஊற்றினால் சரியாகிவிடும்" என்கிறார். யாரை நம்புவது என்று கேட்கிறார்.

இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம்.

ஒயில் கதையை முதலில் முடித்துவிடலாம். உங்கள் வாகனத்தில் இருப்பது மின்சார ஸ்டியரிங். திருப்ப உதவுவது ஒரு மோட்டர். ஊற்ற ஒயிலும் இல்லை, ஊற்றுவதற்கு டாங்கியும் இல்லை. பழைய கொரோலா, சன்னி போன்ற ஹைட்ரோலிக் ஸ்டியரிங் வாகனங்களில் ஒயில் குறைந்தால் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது பம்ப் முனகும். அந்தச் சத்தம் இழுத்துக்கொண்டே போகும், இப்படி ஒரே அடியாக அடிக்காது.

ரெக் பழுதாகாத சாமான் இல்லை. ஆனால் செலவு கூடியது என்பதால் கடைசியில்தான் அதைச் சந்தேகப்பட வேண்டும். கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் பாவித்த ரெக் முன்பு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்குத் தெரியும்? அதைப் பூட்டிய பிறகும் சத்தம் வந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

கடிதத்தில் எனக்கு உதவியது "நின்றபடி சுற்றினாலும்" என்ற இரண்டு சொற்கள்தான். முடக்கில் சத்தம் என்றதும் பலர் சி.வி. ஜொயின்ட் (எஞ்சினின் சுழற்சியை முன் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டின் மூட்டு) என்பார்கள். அது சத்தம் போட வேண்டுமானால் சக்கரம் உருள வேண்டும். முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது "டக் டக் டக்" என்று வரிசையாக வரும், எக்ஸலேட்டரை மிதித்தால் வேகமாகும். நின்ற வாகனத்தில் அது வாயே திறக்காது. இருந்தாலும் சக்கரத்தின் உட்புறத்தை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தால் அந்த ஜொயின்டை மூடும் ரப்பர் உறை (பூட்) கிழிந்திருக்கிறது. சத்தம் வருவதற்கு முன்பே கண்டால் உறையை மாற்றி, புது கிரீஸ் போடுவதோடு போய்விடும். தோட்டத்து ரோட்டுச் சேறு உள்ளே போய்ச் சத்தம் தொடங்கிவிட்டால் ஜொயின்டும் சேர்ந்து போகும்.

சி.வி. ஜொயின்ட் இல்லையென்றால் என் முதல் சந்தேகம் ஷொக் மவுன்ட். முன் ஷொக் அப்சோபரும் அதைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங்கும் ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்ப வேண்டியவை. அவற்றின் தலைப்பக்கம், வாகனத்தின் கூட்டோடு சேரும் இடத்தில், ஒரு ரப்பர் மவுன்டும் ஒரு பெயாரிங்கும் இருக்கின்றன. மழையும் மண்ணும் போய் அந்தப் பெயாரிங் துருவேறி இறுகினால், கீழே சக்கரம் திரும்பும், மேலே ஸ்பிரிங் திரும்ப மாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும். முறுக்கு ஏறி ஏறி ஓரிடத்தில் சட்டென்று விடுபடும்போது வருவதுதான் அந்த "டொக்". குளிரில் ரப்பர் விறைத்துப்போவதால் காலையில் கூடுதலாகக் கேட்பதும் இதற்குப் பொருந்துகிறது. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் கைமாறிக் கைமாறி ஓடிய வாகனங்களில் இந்த ரப்பர் சாமான்களை மாற்ற யாரும் அக்கறைப்பட்டிருக்க மாட்டார்கள்.

நீங்களே சோதிக்கலாம். நம்ம ஊரில் சமதரை கிடைப்பதுதான் கஷ்டம். பாடசாலை மைதானம் போதும். முதலில் சக்கர நட்டுகள் இறுக்கமா என்று ஸ்பானரால் பாருங்கள். புது டயர் போட்டுத் தந்திருந்தால் கட்டாயம். அப்புறம் டிக்கியைக் காலி செய்யுங்கள். நான் ஒருமுறை இரண்டு நாள் துரத்திய சத்தம் கடைசியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் உருண்ட ஜெக் கைபிடி!

இனி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரைப் பார்க்கிங்கில் வைத்து, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, எஞ்சினை ஓடவிடுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகச் சுற்றட்டும். நீங்கள் சற்றுத் தள்ளிக் குந்தி ஸ்பிரிங்கைக் கண்ணால் பாருங்கள். கையை உள்ளே விட வேண்டாம். சத்தம் வரும் அதே நொடி ஸ்பிரிங் ஒரு துள்ளு துள்ளினால் குற்றவாளி மவுன்ட்தான். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஆனால் ஸ்பிரிங்கை அழுத்தும் கருவி இல்லாத கராஜில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள், ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே அடித்துவிடும்.

ஸ்பிரிங் துள்ளவில்லையா? எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் இடமும் வலமும் ஆட்டுங்கள். "கட கட" என்பது கையிலேயே தெரிந்தால் ஸ்டியரிங் தண்டின் ஜொயின்ட் அல்லது ரெக். ரெக்கில் லூஸ் என்றாலும் பல வாகனங்களில் அதை இறுக்கிச் சரிசெய்ய ஒரு நட் உண்டு. அதிகம் இறுக்கினால் முடக்கு தாண்டிய பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. ரம்பொடை இறக்கத்தில் அது விளையாட்டில்லை, ஆகவே கால் சுற்று, அரைச் சுற்று என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற மெக்கானிக் பாஸிடம் விடுங்கள்.

அடுத்த சோதனையைக் கராஜில் உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். முன்பக்கத்தை ஜெக்கில் தூக்கி, ஸ்டாண்டும் வைத்து, சக்கரத்தை இரு பக்கமும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? அப்படியென்றால் டை ரொட் என்ட் அல்லது ரெக் என்ட் (ரெக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டின் இரு முனை மூட்டுகள்). மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால் போல் ஜொயின்ட் (சக்கரத்தை அடிப்பக்கத்தில் பிடித்திருக்கும் உருண்டை மூட்டு) அல்லது வீல் பெயாரிங். இவற்றில் எதில் லூஸ் இருந்தாலும் வாகனத்தை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போங்கள். போல் ஜொயின்ட் கழன்றால் சக்கரம் வெளியே சாய்ந்துவிடும், அந்த நேரம் ஸ்டியரிங் உங்கள் பேச்சைக் கேட்காது.

டை ரொட் என்ட், ரெக் என்ட், ஷொக் மவுன்ட் எதைக் கழற்றினாலும் வீல் எலைன்மன்ட் (சக்கரங்கள் சரியான கோணத்தில் நிற்கின்றனவா என்பது) பார்த்த பிறகுதான் பணத்தைக் கொடுங்கள். நேர் ரோட்டில் போகும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றால், திரும்பவும் அதே கராஜுக்கு விடுங்கள்.