மாரிக்கு முன் கோழிக்கூட்டைப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "கோழி சாகுது, என்ன மருந்து கொடுக்கலாம்" என்பதுதான். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் நம் பக்கம் கூடு நனையும், நுளம்பு பெருகும், நோயும் கூடவே வரும். அதனால் அந்தக் கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஊர்க்கோழி வளர்க்கிறேன். முதலில் ஒரு கோழி தூங்கி விழுந்தது, பச்சையாகக் கழிந்தது, கழுத்து முறுக்கிக்கொண்டு செத்தது. ஒரு கிழமைக்குள் வளவில் மூன்று கோழிதான் மிச்சம். பாமசியில் குளிசை வாங்கித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தும் கேட்கவில்லை. (வாசகி, கொக்கட்டிச்சோலை)

பதில்: தங்கச்சி, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ராணிக்கெட் போலத்தான் இருக்கிறது. அது வைரஸ் நோய். நீங்கள் கொடுத்த குளிசை பக்டீரியாவுக்கு உரியது, வைரஸை அது ஒன்றும் செய்யாது. நோய் வந்த பிறகு ராணிக்கெட்டைக் குணமாக்கும் மருந்து எதுவும் இல்லை, யார் எதை விற்றாலும் வாங்காதீர்கள். ஆனால் பறவைக் காய்ச்சலும் கிட்டத்தட்ட இதே மாதிரித்தான் தொடங்கும், வெறும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆகவே கோழிகள் கூட்டமாகச் செத்தால் உங்கள் பிரதேசத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

செத்தவற்றை வாவியிலோ வாய்க்காலிலோ வீசாமல், நாய் கிளறாத அளவுக்கு ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மிச்சமிருக்கும் மூன்றையும் "கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவோம்" என்று சந்தைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். ஊர் ஊராக இந்த நோய் பரவுவது பெரும்பாலும் அப்படித்தான், அரைவிலைக்கு விற்ற கோழி இன்னொரு வீட்டு வளவையும் காலியாக்கும். கூட்டைக் கழுவி, வெயில் படவிட்டு, சில கிழமை சும்மா போடுங்கள். அப்புறம் வாங்கும் கோழியை இரண்டு மூன்று கிழமை தனியாகக் கட்டி வைத்துப் பார்த்துவிட்டே மற்றவற்றோடு விடுங்கள்.

இதற்கு ஒரே வழி முன்கூட்டியே தடுப்பு மருந்து போடுவதுதான். குஞ்சுக்கு 7 நாள் அளவில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, மூன்று நான்கு கிழமை வயதில் இரண்டாவது முறை, அதற்குப் பிறகும் குறித்த இடைவெளியில் தொடர்ந்து போட வேண்டும். எந்த மருந்து, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை வைத்தியர் சொல்லும் அட்டவணைப்படி செய்யுங்கள். "பத்துக் கோழிக்கு ஒரு குப்பி உடைக்கிறதா" என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிக்கு மருந்து இருக்கும், கரைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துவிட வேண்டும், மீதியை எடுத்து வைக்க முடியாது என்பதெல்லாம் உண்மைதான். அதற்காக விட்டுவிடாமல் ஒழுங்கையில் உள்ள எல்லா வீடும் கதைத்து ஒரே நாளில் போடுங்கள், செலவும் பிரியும், நோய் நுழைய ஓட்டையும் இருக்காது. பக்கத்து வீட்டுக் கோழி உங்கள் வளவில்தானே மேய்கிறது!

மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவாருங்கள், வெயிலில் சூடானால் அது வெறும் தண்ணீர். குடிநீரில் கலந்து கொடுப்பதானால் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம், சுத்தமான கிணற்றுத் தண்ணீர் எடுங்கள். லீற்றருக்கு 2 முதல் 4 கிராம் கொழுப்பு நீக்கிய பால்மா கரைத்தால் மருந்து கெடாமல் நிற்கும். கொடுப்பதற்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பே மற்றத் தண்ணீரை எடுத்துவிட்டால் தாகத்தில் எல்லாமே குடிக்கும். நோய் வந்த கோழிக்குப் போட்டுப் பயனில்லை, நல்லாயிருக்கும்போதே போட வேண்டும்.

கேள்வி: குஞ்சுகளின் கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கருப்பாகக் கொப்புளம். அம்மை என்கிறார்கள். மஞ்சளும் வேப்பிலையும் பூசுகிறோம், சரியா? (திருக்கோவில்)

பதில்: சரிதான், கெடுதல் இல்லை. ஆனால் அது வைரஸைக் கொல்லும் என்று நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள். கோழி அம்மை பொதுவாக மூன்று நான்கு கிழமையில் தானாக இறங்கும். அதற்குள் குஞ்சு சாவது பெரும்பாலும் பசியால், அதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. கண் ஒட்டிப்போன குஞ்சுக்குத் தீனும் தெரியாது, தண்ணீரும் தெரியாது, மற்றவை தின்றுகொண்டிருக்க இது மூலையில் நின்றே காய்ந்துவிடும். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துக் காலையும் பின்னேரமும் கண்ணைத் துடைத்துவிடுங்கள். தவிடும் சோறும் பிசைந்து சிறு உருண்டையாக வாயில் ஊட்டுங்கள், தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள், இரத்தம் வரும், புண் பெருக்கும், பொருக்கிலேயே நோய்க்கிருமி நிறைய இருக்கிறது. வாய்க்குள்ளும் மஞ்சள் படலம் கண்டு மூச்சு இழுத்தால் அது கடுமையான வகை, வைத்தியரிடம் காட்டுங்கள்.

இதைப் பரப்புவதில் பெரிய பங்கு நுளம்புக்கு. வளவில் கிடக்கும் சிரட்டை, பழைய டயர், தண்ணீர் தேங்கும் தகரம் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டால் கோழிக்கும் நல்லது, டெங்குவுக்குப் பயந்திருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் நல்லது. அடுத்த முறை மழைக்கு முன்பே, புரட்டாதி அளவில், இறக்கை மடிப்பில் குத்தும் அம்மை ஊசியைப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: தாரா முட்டையைக் கோழியிடம் அடை வைக்கலாமா? (வாகரை)

பதில்: தாராளமாக. தாரா பல நேரம் அடையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகும், ஊர்க்கோழி விடாது. ஆனால் நாளைக் கணக்குப் பாருங்கள். கோழி முட்டைக்கு 21 நாள், தாராவுக்கு 28, முகத்தில் சிவப்புச் சதை உள்ள பெரிய தாராவுக்கு 35. இரண்டு வகையையும் ஒன்றாக வைத்தால் 21ஆம் நாள் குஞ்சுகளோடு கோழி எழும்பிப் போய்விடும், தாரா முட்டை குளிர்ந்துவிடும். முட்டை பெரியதாகையால் நடுத்தரக் கோழிக்கு ஐந்தாறு போதும், அதற்கு மேல் வைத்தால் ஓரத்தில் உள்ளதற்குச் சூடு போகாது. தாரா முட்டைக்கு ஈரப்பதமும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், கடைசி ஒன்றரைக் கிழமையில் கோழி தீனுக்கு இறங்கும்போது இளம்சூட்டுத் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள்.

பொரித்த பிறகுதான் கவனம் தேவை. தாய்த் தாராவோடு இருக்கும் குஞ்சின் மயிரில் தாயின் எண்ணெய் படும், கோழி பொரித்த குஞ்சுக்கு அது கிடைக்காது, தண்ணீரில் விட்டால் நனைந்து விறைத்துச் சாகும். இறகு வரும்வரை, நான்கைந்து கிழமைக்கு, வாவிப் பக்கமே விடாதீர்கள். அலகை முழுதாக நனைத்து மூக்கைக் கழுவும் அளவு தண்ணீர் மட்டும் போதும், அதற்குள் கூழாங்கல் போட்டு வையுங்கள். வெறும் சோறும் குறுணலும் கொடுத்தால் கால் வளைந்து நொண்டும், ஏனென்றால் கோழிக்குஞ்சைவிடத் தாராக்குஞ்சுக்கு நியாசின் என்ற வைட்டமின் அதிகம் தேவை. அவித்த மீன் துண்டு, தவிடு, கொஞ்சம் ஈஸ்ட் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முட்டை தோல் முட்டையாக, ஓடில்லாமல் வருகிறது. (அக்கரைப்பற்று)

பதில்: கல்சியம் போதாமைதான் முதல் காரணம். மட்டி ஓட்டையோ சிப்பியையோ கழுவிக் காயவைத்து, அரிசி அளவுக்கு இடித்து, தனிச் சட்டியில் வையுங்கள், தேவையான கோழி தானே தின்னும். தீனோடு கலக்காதீர்கள், முட்டையிடாத வளரும் குஞ்சு அதைக் கட்டாயமாகத் தின்றால் சிறுநீரகம் கெடும். கச்சான் காற்று வீசும் வெக்கை மாதங்களிலும் இப்படி வரும். கோழி வாய் திறந்து இரைக்கும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட் குறைகிறது, ஓடு கட்ட வேண்டிய பொருள் கிடைக்காமல் போகிறது. நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்து, தீனை விடிய வேளையிலும் மாலையிலும் மட்டும் வைத்துப் பாருங்கள். இரைப்பு, தும்மலோடு சேர்ந்து வந்தால் நோய், காட்டுங்கள்.

கேள்வி: கூட்டில் முட்டை காணாமல் போகிறது. பாம்பா, கீரியா, உடும்பா? கருவாட்டில் விஷம் வைக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டார். (சம்மாந்துறை)

பதில்: விஷம் வேண்டவே வேண்டாம். கீரியைவிட உங்கள் வீட்டு நாயும் பூனையும் முதலில் தின்னும், குழந்தை கை வைத்தால் என்னாவது. உடும்பு சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கும்கூட. தடயத்தைப் பாருங்கள்: ஒரு துண்டு ஓடும் இல்லாமல் போனால் பாம்போ உடும்போ விழுங்கியிருக்கும், உடைந்த ஓடு கிடந்தால் கீரி, எலி, காகம், இல்லாவிட்டால் முட்டை கொத்தித் தின்னப் பழகிய உங்கள் கோழியே. எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். கூட்டை நிலத்திலிருந்து மூன்றடி உயர்த்தி, அரை அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலை அடியுங்கள், சாதாரணக் கோழி வலையின் துளை வழியே சிறிய பாம்பும் எலியும் நுழையும். பின்னேரம் அடைத்து, கதவுக்குக் கொழுவி போடுங்கள், முட்டையைக் காலையில் ஒருமுறை மதியம் ஒருமுறை எடுத்துவிடுங்கள்.