"அது காரு, வண்டியல்ல": உருமாறிய இன்னோவா பற்றி வாசகர்கள் கேட்டவை

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டொயோட்டா இன்னோவாவின் புதிய வடிவமான ஹைகிராஸ் பற்றியே இருந்ததால், மற்ற வாகனங்கள் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்துவிட்டேன்.

கோபிசெட்டிபாளையம் வாசகர்: எங்கள் கூட்டுக் குடும்பத்தில் 2011-இல் வாங்கிய டீசல் இன்னோவா 3 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு ஹைகிராஸ் வாங்கலாம் என்று நானும் தம்பியும் சொல்கிறோம். பெரியப்பா மட்டும், "அது காரு, வண்டியல்ல" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அவர் பேச்சில் நியாயம் இருக்கிறதா?

ஹைகிராஸைப் பற்றி நான் படித்த நீண்ட விமர்சனங்கள் பலவற்றைவிட உங்கள் பெரியப்பாவின் அந்த ஒரு வரி துல்லியமானது. 2000-இல் வந்த குவாலிஸ், 2005-இல் வந்த இன்னோவா, 2016-இல் வந்த கிரிஸ்டா ஆகிய மூன்றும் வெளித்தோற்றத்தில் எவ்வளவு வேறுபட்டாலும் எலும்புக்கூடு ஒன்றுதான். லாரிக்கு இருப்பதைப் போன்ற இரும்புச் சேசிஸின், அதாவது அடிச்சட்டத்தின், மேல் உடற்கூட்டை ஏற்றிப் பொருத்தி, முன்னால் இருக்கும் எஞ்சினின் விசையை நீண்ட சுழல்தண்டின் வழியாகப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோன வாகனங்கள் அவை. 2022 நவம்பரில் இந்தியாவில் காட்டப்பட்ட ஹைகிராஸில் தனிச் சேசிஸ் இல்லை, ஏனென்றால் உடற்கூடே சட்டமாகவும் இருக்கிறது. விசை முன்சக்கரங்களுக்குப் போகிறது. டீசல் எஞ்சினும் இல்லை, கையால் மாற்றும் கியரும் இல்லை. 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் மட்டும், அல்லது அதனுடன் மின்மோட்டார் சேர்ந்த ஹைபிரிட் என்ற இரண்டு வகைகளில்தான் வருகிறது. ஆகவே பெயரை விட்டுவிட்டுப் பார்த்தால் இது வேறொரு வாகனம் என்று பெரியப்பா சொல்வது சரியே.

ஆனால் வேறொரு வாகனம் என்பதனாலேயே அது மட்டமான வாகனம் ஆகிவிடாது. சுழல்தண்டும் சேசிஸும் போனதால் வண்டியின் தரை தாழ்ந்திருக்கிறது. கிரிஸ்டாவைவிட மொத்த நீளம் 20 மில்லிமீட்டர்தான் கூடியிருக்கிறது; ஆனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம் 2,750 மில்லிமீட்டரிலிருந்து 2,850 ஆகியிருக்கிறது. அந்த 100 மில்லிமீட்டரின் அருமை கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

என் தாயாருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, இடது முழங்காலில் தேய்மானமும் உண்டு. பழைய வண்டியில் அவர் ஏறும் விதம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்: முதலில் கைப்பையை உள்ளே வீசுவார், பிறகு மேலே இருக்கும் பிடியைப் பற்றிக்கொள்வார், வலது காலைப் படியில் வைப்பார், "முருகா" என்பார், அதன் பிறகுதான் உடம்பு மேலே போகும். ஹைகிராஸைப் பார்க்கப் போன அன்று பையைத் தோளில் மாட்டியபடியே அவர் நடுவரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார். முருகனைக் கூப்பிடவில்லை என்பதை இறங்கிய பிறகுதான் நாங்கள் கவனித்தோம்.

அதே நாளில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டானது. விற்பனையாளர் எங்களை நான்குவழிச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டிக் காட்டிவிட்டு, கடைசி வரிசையில் ஆள் ஏற்ற வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். எட்டுப் பேர் போகும் வண்டியை மூன்று பேரை வைத்து ஓட்டிப் பார்ப்பதில் என்ன தெரிந்துவிடப் போகிறது? நீங்கள் போகும்போது பெரியப்பா உட்பட வீட்டார் அனைவரையும் அழைத்துப் போங்கள், அனைவரையும் ஏற்றித்தான் ஓட்டுவேன் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். முடிந்தால் வேகத்தடைகளும் குழிகளும் உள்ள சாலையைக் கேளுங்கள்.

பெரியப்பாவின் பக்கம் நியாயம் மிகுந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. உங்கள் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்ட வீட்டுக்கு, போகும் வழி மழைக்காலத்தில் சேறாகும் இட்டேரி (வேலிகளுக்கு இடையிலான மண்தடம்) என்றால், ஆளும் மூட்டையும் ஏறிய பாரம் பின்சக்கரங்களை அழுத்துவதால் பழைய வண்டி பிடிப்போடு மேலேறும். முன்சக்கர விசை கொண்ட வண்டியில் அதே பாரம் பின்னால் இறங்கி முன்பக்கத்தை இலேசாக்குவதால், ஏற்றத்துச் சேற்றில் முன்டயர்கள் வெறுமனே சுழலக்கூடும். அப்படிப்பட்ட வழி உங்களுக்கு அன்றாடம் என்றால், 2023-இல் மீண்டும் விற்பனைக்கு வந்த டீசல் கிரிஸ்டாவைப் பாருங்கள். தார்ச்சாலை வாசல்வரை வந்துவிட்டதென்றால் பெரியப்பாவைச் சமாதானப்படுத்துவதே முறை.

பொள்ளாச்சி வாசகர்: மாதம் இருமுறை வால்பாறைக்குக் குடும்பத்தோடு போய்வருகிறோம். ஹைபிரிட் வண்டி மலையில் திணறும், இறங்கும்போது எஞ்சின் பிடிக்காது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.

ஏறும்போது திணறாது. எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து தரும் திறன் 186 குதிரைத்திறன் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. டீசல் கிரிஸ்டாவின் திறன் 150. ஆயினும் ஒரு வேறுபாட்டை நீங்கள் உணர்வீர்கள். டீசல் எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே முழு இழுவையையும் தந்துவிடும். ஹைபிரிட்டில் கொண்டையூசி வளைவைக் கடந்து ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பெட்ரோல் எஞ்சின் திடீரென உயர்ந்த சுழற்சிக்குப் போய் அதே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும். வண்டி நன்றாகத்தான் ஏறும், சத்தம்தான் ஏதோ கஷ்டப்படுவதுபோலக் கேட்கும். ஆழியாறிலிருந்து மேலேறும் 40 வளைவுகளிலும் அந்த இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள உங்கள் வீட்டாருக்கு முடியுமா என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

இறக்கத்தில் நடப்பது வேறு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மின்மோட்டார் மின்னாக்கியாக மாறிச் சக்கரத்தைப் பிடிக்கிறது, அந்தப் பிடிப்பிலிருந்து வரும் மின்சாரம் பேட்டரிக்குப் போகிறது. ஹைபிரிட்டின் பேட்டரி மிகச் சிறியதாகையால் நீண்ட இறக்கத்தில் பாதி வழியிலேயே நிரம்பிவிடும். அதன்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேலையை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும், அப்போதும் ஒருவித இரைச்சல் எழும். அது பழுதல்ல. எஞ்சின் பிடிக்காது என்பது தவறான பேச்சு. ஆனாலும் கிளட்ச் வண்டியில் இரண்டாம் கியரைப் போட்டுவிட்டு நிம்மதியாக இறங்கிப் பழகியவர்கள், முதல் சில பயணங்களில் பிரேக்கை அளவுக்கு மீறி மிதிப்பார்கள். பயணிகளை ஏற்றாமல் ஒருமுறை இறங்கிப் பழகிக்கொள்வது நல்லது.

காங்கயம் வாசகர்: ஹைபிரிட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெட்ரோலில் திரும்பி வருமா?

2022 டிசம்பரில் அறிவித்த ஷோரூம் விலையின்படி, சாதாரண பெட்ரோல் வகையில் ஒன்று 19.15 லட்சம், ஹைபிரிட்டில் தொடக்க நிலை 24.01 லட்சம். அதற்குப் பின் விலைகள் மாறியிருந்தாலும் கணக்குப் போடும் முறை ஒன்றுதான். சோதனையில் சாதாரண வகை லிட்டருக்கு 16.13 கிலோமீட்டரும், ஹைபிரிட் 23.24 கிலோமீட்டரும் தந்ததாக நிறுவனம் சொல்கிறது. 100 கிலோமீட்டருக்கு ஒன்று ஏறத்தாழ 6.2 லிட்டரும் மற்றொன்று 4.3 லிட்டரும் குடிக்கின்றன. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மிச்சம் 190 ரூபாய். அந்த வேகத்தில் விலை வித்தியாசமான 4.86 லட்சத்தை மீட்க இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும்.

இதோடு, 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 20 விழுக்காடு, 10 முதல் 20 லட்சம் வரை 18 விழுக்காடு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடைவெளி இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல் விரியும். மறுபக்கம், திருப்பூர் நகருக்குள் நின்று நின்று போகும் ஓட்டத்தில் ஹைபிரிட்டின் அனுகூலம் பெருகும். சாதாரண வகை லிட்டருக்கு 10 தரும் இடத்தில் ஹைபிரிட் 16 தந்தால் மிச்சம் ஏறத்தாழ இருமடங்காகும். மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பம் லாபத்துக்காக ஹைபிரிட் வாங்க வேண்டியதில்லை. ஓசையற்ற ஓட்டம் பிடித்திருந்தால் அதற்காக வாங்கலாம். கூடுதல் விலையில் வசதிகளும் கூடுதலாக வருகின்றன, ஆகையால் முழுத்தொகையையும் மைலேஜின் கணக்கில் எழுதுவதும் நியாயமில்லை. பேட்டரியைப் பற்றிய அச்சம் மட்டும் வேண்டாம், அதற்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு.

ஈரோடு வாசகர்: எங்கள் வீதியில் எதிரெதிரே இரண்டு வண்டி நின்றால் கதவைத் திறக்க முடியாது. பழைய ஆம்னியில் இருந்த இழுப்புக் கதவை ஏன் இன்னோவாவுக்கு வைக்கவில்லை?

இந்தக் கேள்வியை நானும் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1984-இல் வந்து 2019 வரை விற்ற ஆம்னியின் புண்ணியத்தால் இழுப்புக் கதவு என்றாலே பள்ளிக்கூட வேன், பால் வண்டி என்ற எண்ணம் நம் மனத்தில் பதிந்துவிட்டது. விலை உயர்ந்த வாகனத்தில் அதை வைக்க நிறுவனங்கள் தயங்குகின்றன என்றே கருதுகிறேன். பொத்தானை அழுத்தினால் தானே நகரும் கதவோடு கியா கார்னிவல் வருகிறது. ஆனால் 2024 அக்டோபரில் வந்த புதிய கார்னிவலின் அறிமுக விலை 63.90 லட்சம், நீளம் 5,155 மில்லிமீட்டர், அகலம் 1,995. கதவு திறக்க இடம் கிடைக்கும், வண்டி வீதிக்குள் நுழைய இடம் கிடைக்காது.

திருச்செங்கோடு வாசகர்: நடுவரிசையில் தனித்தனி நாற்காலி நல்லதா, பெஞ்சு நல்லதா?

குழந்தைகளும் முதியவர்களும் கடைசி வரிசைக்குப் போகவர வேண்டியிருந்தால் தனி நாற்காலி. நாற்காலிகளுக்கு இடையே புகுந்து போய்விடலாம், நடுவில் இருப்பவரை எழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அதில் ஏழு பேர்தான். ஹைபிரிட்டின் உயர்ந்த வகைகளில் பெஞ்சே கிடையாது என்பதால், எட்டுப் பேர் போகும் வீட்டார் முன்பணம் கட்டுவதற்கு முன் எந்த வகை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

நாமக்கல் வாசகர்: மூன்று வரிசையிலும் ஆள் இருக்கும்போது சாமான் வைக்க இடம் இருக்கிறதா?

மூன்றாம் வரிசை நிமிர்ந்திருக்கையில் டிக்கி 300 லிட்டர், மடக்கினால் 991. 300 லிட்டர் என்பது இரண்டு நடுத்தரப் பெட்டியும் சில கைப்பைகளும் கொள்ளும் அளவு. குலதெய்வம் கோயிலுக்குப் போகும்போது நாம் எடுத்துச் செல்லும் பவானி ஜமுக்காளம், அரிசிப் பை, தேங்காய்ப் பழத் தட்டு, சம்படம், குடிநீர்க் கேன் எல்லாவற்றையும் நான் எங்கள் வீட்டு வாசலில் அடுக்கிப் பார்த்தேன். ஜமுக்காளத்தை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டால் மற்றவை அடங்கிவிடுகின்றன. பித்தளைப் பொங்கல் பானை மட்டும் அடங்கவில்லை, அதை யாராவது மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.