மேலே என்ன இருக்கிறது?

அன்புள்ள சார்,

நீர்மூழ்கிக் கப்பல் படம் எது வந்தாலும் பார்த்துவிடுகிற ஆள் நான். 'தாஸ் போட்', 'தி ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர்', 'கிரிம்சன் டைட்', 'காஸி' எல்லாம் ஒன்றுக்கு இரண்டு தடவை ஆகிவிட்டது. சென்ற வாரம் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "இரும்புக் குழாய்க்குள்ள நாலு பேர் வேர்த்து ஊத்திக்கிட்டு மேலயே பாக்கறாங்க. போன மாசமும் இதைத்தானே பாத்தீங்க?" என்று கேட்டாள். போன மாதம் பார்த்தது வேறு படம். ஆனால் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்தால் எல்லாப் படத்திலும் அதே 'டிங்' சத்தம், அதே சிவப்பு விளக்கு, கேப்டனுக்கும் அவருக்கு அடுத்தவருக்கும் அதே சண்டை. ஒரே படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேனா?

இன்னொன்று. 'தாஸ் போட்' முடியும்போது அழுதுவிட்டேன். அப்புறம் படுத்த பிறகு உறுத்தியது. அவர்கள் ஹிட்லரின் கடற்படை. அவர்கள் தப்பிக்க வேண்டும் என்று மூன்றரை மணி நேரம் வேண்டிக்கொண்டிருந்தேனே, படம் என்னை ஏமாற்றிவிட்டதா?

தொடர்களைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் மனைவி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். மேலே என்னதான் இருக்கிறது? குழாய், வால்வு, ஒயர். அதற்கு மேல் இரும்பு, அதற்கும் மேல் கடல். பார்க்க ஒன்றுமே இல்லை. அவர்கள் காதால் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், கண்ணை வைக்க ஓர் இடம் வேண்டுமே என்று மேலே வைத்திருக்கிறார்கள்.

போர் நீர்மூழ்கிகளுக்கு ஜன்னல் கிடையாது. பெரிஸ்கோப்பின் நீளம் வரைக்கும்தான் கண். அதற்குக் கீழே இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் அத்தனை பேரும் குருடர்கள். சினிமாவோ காட்டுவதற்கென்றே பிறந்த கலை. அது போயும் போயும் யாருக்கும் எதுவும் தெரியாத ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு எண்பது தொண்ணூறு வருடமாக விடாமல் படமெடுக்கிறது. என்னை இந்த வகைப் படங்களிடம் இழுப்பது இந்த முரண்தான். நல்ல நீர்மூழ்கிப் படத்தையும் சுமாரானதையும் பிரிக்க நான் வைத்திருக்கும் அளவுகோலும் இதிலிருந்து வந்ததுதான். கேமரா எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறது என்று பாருங்கள். ஆபத்தான நேரத்தில் வெளியே போய், டார்பிடோ எந்தப் பக்கம் வருகிறது என்று நமக்கு மட்டும் காட்டிக்கொடுத்தால் அந்தப் படம் பயந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே இருப்பவனுக்குத் தெரியாதது எனக்கும் தெரியக் கூடாது.

'தாஸ் போட்' (1981) இதில் எல்லாருக்கும் மூத்தது என்பேன், வயதால் அல்ல. இயக்குநர் வொல்ஃப்காங் பீட்டர்சன், கதை நடக்கும் கப்பலின் உட்புறத்தை மியூனிக் ஸ்டுடியோவில் உண்மை அளவிலேயே கட்டினார். அசல் ரகக் கப்பல் 67 மீட்டர் நீளம், அதற்குள் ஐம்பது பேர் வரை. கழிப்பறை இரண்டு, அதில் ஒன்றில் புறப்படும்போது உணவை அடைத்துவிடுவார்கள். ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வகானோ, ஆடாமல் நிற்கும் கைக்கேமரா ஒன்றைத் தானே வடிவமைத்து, அதைப் பிடித்துக்கொண்டு நடிகர்களின் பின்னால் அந்தக் குழாய்க்குள் ஓடினார். படம் பார்க்கும்போது நம் முழங்கை எங்கோ இடித்துக்கொண்டது போல இருப்பதற்குக் காரணம் அதுதான். வெளிக்காட்சிகள் அதிலும் உண்டு. ஆனால் டெப்த் சார்ஜ் (ஆழத்தில் போய் வெடிக்கும் குண்டு) விழும் நேரங்களில் பெரும்பாலும் நாம் உள்ளேதான் கிடக்கிறோம். மேலே ஓடும் எதிரிக் கப்பலின் சுழலிச் சத்தத்தை வைத்தே அது வருகிறதா, போகிறதா என்று கணக்குப் போடுகிறோம்.

நீங்கள் சொன்ன 'டிங்'குக்கு வருகிறேன். அந்தப் படத்தில் அது நியாயமான சத்தம். வேட்டையாடுகிறவனின் சத்தம் அது. மேலே போகும் நாசகாரிக் கப்பல் ஒலியலையை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்புகிறதா என்று தேடுகிறது. கீழே ஒளிந்திருப்பவர்களுக்கு அது இரும்புச் சுவரில் விரலால் தட்டுவது போலக் கேட்கும். பிற்காலப் படங்களிலோ நீர்மூழ்கியே காரணமில்லாமல் 'டிங் டிங்' என்று போய்க்கொண்டிருக்கிறது. இருட்டில் ஒளிந்திருப்பவன் டார்ச் அடித்துப் பார்ப்பானா? உண்மையில் நீர்மூழ்கி அந்தச் சத்தத்தை முடிந்தவரை எழுப்பாது. காதை விரித்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். சிவப்பு விளக்கும் இதே கதைதான். இரவில் பெரிஸ்கோப் வழியாகப் பார்க்க வேண்டிய கண், இருட்டுக்குப் பழகி இருக்க வேண்டும், அதற்காகப் போடுவது. சினிமாக்காரர்கள் அதைக் கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி ஆக்கிவிட்டார்கள்.

'ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர்' (1990) படத்தில் எனக்குப் பிடித்த ஆள் ஷான் கானரி அல்ல, அமெரிக்கக் கப்பலில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சோனார்க்காரப் பையன். விசித்திரமான ஒரு சத்தத்தைக் கேட்கிறான். கம்ப்யூட்டர் அதை பூமிக்கடியில் பாறைக் குழம்பு நகர்கிற ஓசை என்கிறது. அவன் நம்பவில்லை. பதிவை வேகமாக ஓட்டிக் கேட்கிறான், சீரான தாளம் கேட்கிறது. மனிதன் செய்த இயந்திரம்! பல கோடி ரூபாய் செலவில் எடுத்த படத்தின் மொத்தத் திருப்பமும் ஒருவன் காதுக்குள் நடக்கிறது. இதையே முழுப் படமாக்கினால் எப்படி இருக்கும்? அந்தோனின் போத்ரி எடுத்த 'தி வுல்ஃப்ஸ் கால்' (2019) என்ற பிரெஞ்சுப் படத்தைப் பாருங்கள். உங்கள் பட்டியலில் அது இல்லை. அதன் நாயகன் பிரெஞ்சுக் கடற்படை 'தங்கக் காது' என்று அழைக்கும் வேலையைச் செய்கிறவன், சத்தத்தை வைத்தே எந்தக் கப்பல் என்று சொல்கிறவன். தொடக்கத்தில் ஒரு தவறு செய்கிறான். பிறகு யாரும் அவனை முழுதாக நம்புவதில்லை, அவன் உட்பட. பிற்பாதியில் கதை கொஞ்சம் மூச்சிரைக்கிறது, பரவாயில்லை.

கேப்டன் சண்டை ஏன் எல்லாப் படத்திலும் வருகிறது என்றால் அதுவும் இந்தக் குருட்டுத்தனத்தின் பிள்ளைதான். 'கிரிம்சன் டைட்' (1995) படத்தில் அணு ஏவுகணையை ஏவச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. அடுத்த செய்தி பாதியில் அறுந்துவிடுகிறது. அது நிறுத்தச் சொன்னதா, தொடரச் சொன்னதா? கேப்டனான ஜீன் ஹேக்மனுக்கு முழுதாக வந்த உத்தரவு போதும். அவருக்கு அடுத்தவரான டென்சல் வாஷிங்டனுக்கு அறுந்த பாதி வேண்டும். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத் தெரிகிறது. ஹாலிவுட் மிகை என்று நினைக்கத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

1962 அக்டோபர் 27. கியூபாவில் வைத்த சோவியத் ஏவுகணைகளால் அமெரிக்காவும் சோவியத்தும் அணுப் போரின் விளிம்பில் நின்ற நெருக்கடியின் உச்சம். சோவியத்தின் பி-59 என்ற டீசல் நீர்மூழ்கி, அமெரிக்கக் கப்பல்கள் சூழ்ந்து நிற்க ஆழத்தில் கிடக்கிறது. பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது, உள்ளே வெக்கை தாங்கவில்லை, வானொலி எட்டாத ஆழம். மேலே வரச் சொல்லும் சமிக்ஞையாக அமெரிக்கர்கள் சிறு வெடிகளைப் போடுகிறார்கள். கீழே இருப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும்? போரே தொடங்கிவிட்டதோ என்னவோ. அந்தக் கப்பலில் அணு டார்பிடோ ஒன்று இருந்தது, அது அமெரிக்கர்களுக்குத் தெரியாது. உள்ளே இருந்த ஒருவர் பல வருடம் கழித்துச் சொன்னபடி, கேப்டன் அதைத் தயார் செய்யச் சொன்னார். அவருடன் பயணம் செய்த வசிலி ஆர்கிபோவ் என்ற அதிகாரி பேசிப் பேசி அவரைத் தணித்தார். கப்பல் மேலே வந்தது. இதே ஆர்கிபோவ் முந்தைய வருடம், 1961 ஜூலையில், அணு உலை கோளாறான கே-19 நீர்மூழ்கியிலும் இருந்தவர். அந்த விபத்தைத்தான் கேத்ரின் பிகலோ 2002இல் ஹாரிசன் ஃபோர்டை வைத்துப் படமாக்கினார். உலையைச் சரிசெய்ய உள்ளே போய் வருகிறவர்களின் முகத்தை அந்தப் படம் காட்டும் சில நிமிடங்களுக்காக அதன் ரஷ்ய உச்சரிப்பு ஆங்கிலத்தை மன்னித்துவிடலாம்.

வரலாற்றோடு விளையாடிய படங்களைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. 'யு-571' (2000) படத்தில் ஜெர்மானியர்களின் ரகசியக் குறியீட்டுக் கருவியான எனிக்மாவை அமெரிக்கர்கள் கைப்பற்றுகிறார்கள். உண்மையில் பிரிட்டனின் புல்டாக் கப்பல் யு-110 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மடக்கி அதை எடுத்தது 1941 மே மாதம், அமெரிக்கா அப்போது போரிலேயே இல்லை. 'காஸி' (2017) நம் பக்கத்துக் கதை என்பதால் கொஞ்சம் பாசம் உண்டு. 1971 டிசம்பரில் விசாகப்பட்டினம் அருகே பாகிஸ்தானின் காஸி மூழ்கியது உண்மை. ராஜ்புத் என்ற நாசகாரிக் கப்பல் போட்ட டெப்த் சார்ஜ் என்கிறது இந்தியத் தரப்பு, உள்ளேயே நடந்த வெடிப்பு என்கிறது பாகிஸ்தான் தரப்பு. இரண்டு நீர்மூழ்கிகள் நேருக்கு நேர் மோதுவதெல்லாம் படத்தின் கற்பனை. குறைந்த செலவில் அந்த இறுக்கத்தைக் கொண்டுவந்ததைப் பாராட்ட வேண்டும். ஆனால் பாட்டு! அமைதியே உயிர் என்ற இடத்தில் எல்லாரும் சேர்ந்து பாடுகிறார்கள். எதிரியைச் சீண்ட என்று கதையில் காரணம் சொல்கிறார்கள், இருந்தாலும் அந்தப் பாட்டு எதிரிக்காக இல்லை, தியேட்டருக்காக. 'தாஸ் போட்' ஆட்களும் பாடுகிறார்கள். அவர்கள் பாடுவது 'டிப்பரேரி', எதிரியான பிரிட்டனின் சிப்பாய்ப் பாட்டு!

உங்கள் இரண்டாவது கேள்விக்கு அந்தப் பாட்டே பாதிப் பதில். படம் தன் ஆட்களை நாஜிகளிடமிருந்து கவனமாக ஒதுக்கி வைக்கிறது. கப்பல் முழுக்கத் தேடினால் கட்சிப் பற்றுள்ள அதிகாரி ஒரே ஒருவன், அவனும் மெக்ஸிகோவில் வளர்ந்தவன். இது கொஞ்சம் வசதியான ஏற்பாடு, அங்கே உங்களை ஏமாற்றித்தான் இருக்கிறார்கள். ஆனால் எரியும் எண்ணெய்க் கப்பல் காட்சியை நினைத்துப் பாருங்கள். டார்பிடோ போட்டு மணிக்கணக்காகிவிட்டது, இந்நேரம் ஆட்களைக் காப்பாற்றி இருப்பார்கள் என்று நினைத்து மேலே வருகிறார்கள். தீப்பிடித்த மனிதர்கள் தண்ணீரில் குதித்து இவர்களை நோக்கி நீந்தி வருகிறார்கள். கேப்டன் கப்பலைப் பின்னால் எடுக்கச் சொல்கிறார். அதுவரை வெறும் சுழலிச் சத்தமாக இருந்த எதிரிக்கு முகம் முளைக்கும் இடம் அது. அந்தக் காட்சி இல்லாமலிருந்தால் உங்கள் உறுத்தலை நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். அதைப் பார்த்த பிறகும் அவர்களுக்காக அழுதீர்கள் என்றால் தெரிந்துதான் அழுதீர்கள்.

முடிவையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 280 மீட்டர் ஆழத்திலிருந்து தப்பித்து வந்தவர்கள் துறைமுகத்தில், வெட்டவெளியில், விமானத் தாக்குதலில் சாகிறார்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற வானத்திலிருந்து குண்டு விழுகிறது.

தொடர்கள். நீர்மூழ்கி வாழ்க்கையில் பெரும்பகுதி ஒன்றுமே நடக்காமல் இருப்பது. இரண்டு மணி நேரப் படத்தால் அதைக் காட்ட முடியாது, தொடரால் முடியும். 'தாஸ் போட்' எண்பதுகளில் தொலைக்காட்சிக்காகச் சுமார் ஐந்து மணி நேரமாகவும் வந்தது. கிடைத்தால் அதையே பாருங்கள். அலுப்பு, புயல், பூசணம் பிடித்த ரொட்டி, ஆபாச ஜோக், மறுபடி அலுப்பு. புதிய தொடர்களுக்கு நேரம் இருக்கிறது, பொறுமை இல்லை. 2018இல் தொடங்கிய அதே பெயர்த் தொடர் பாதிக் கதையை லா ரோஷல் என்ற பிரெஞ்சுத் துறைமுகத்தில் கரையிலேயே நடத்துகிறது. பிபிசியின் 'விஜில்' (2021) அணு ஏவுகணை தாங்கிய நீர்மூழ்கிக்குள் ஒரு பெண் போலீஸ் அதிகாரியைக் கொலை விசாரணைக்கு இறக்குகிறது, நல்ல தொடக்கம்தான். இரண்டு காட்சிக்கு ஒரு தடவை கரைக்கு ஓடிவிடுகிறது. பிரிட்டனின் அந்த ரகக் கப்பல்கள் ரோந்தில் இருக்கும்போது செய்தி அனுப்பவே அனுப்பாது. வீட்டிலிருந்து எண்ணி வைத்த சொற்களில் வாரம் ஒரு சிறு கடிதம் வரும், பதில் போட முடியாது. வீட்டில் சாவு விழுந்தால்கூட ரோந்து முடியும்வரை சொல்லாமல் இருப்பதுண்டு. இதை வைத்தே ஆறு பகுதி எடுக்கலாமே, கொலை எதற்கு?

கடைசியாக, உங்கள் மனைவியோடு சேர்ந்து பார்க்க ஒரு படம். 'ஆபரேஷன் பெட்டிகோட்' (1959), கேரி கிரான்ட் நடித்த நகைச்சுவை. யாரும் மேலே பார்க்க மாட்டார்கள். அதில் கேப்டன் கழிப்பறைக் காகிதம் கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் எழுதும் இடம் உண்மையில் நடந்தது. ஸ்கிப்ஜாக் என்ற அமெரிக்க நீர்மூழ்கி 1941 ஜூலையில் 150 உருளை கேட்டிருந்தது. அப்படி ஒரு பொருளை அடையாளம் காண முடியவில்லை என்று கோரிக்கை திரும்பி வந்தது. 1942 ஜூனில் அதன் கேப்டன் ஜேம்ஸ் கோ, அடையாளம் காண வசதியாக ஒரு துண்டை மாதிரிக்கு இணைத்துக் கடிதம் எழுதினார். கப்பல் அடுத்து துறைமுகத்துக்கு வந்தபோது கரையில் கழிப்பறைக் காகிதத்தை மலை மாதிரி குவித்து வைத்திருந்தார்களாம். மறு வருடம் அவர் கேப்டனாகப் போன சிஸ்கோ என்ற நீர்மூழ்கி திரும்பி வரவில்லை.