லில்லிக் கிழங்கு வெங்காயம் இல்லை

கேள்வி: கொடைக்கானல் போனபோது லில்லிக் கிழங்கு வாங்கி வந்து மாடித் தொட்டியில் நட்டேன். பிப்ரவரியில் அருமையாகப் பூத்தது. கூடவே இலைகளில் பழுப்புப் புள்ளிகள். பூ முடிந்ததும் தண்டை வெட்டி, கிழங்கைத் தோண்டி, வெங்காயம் போல வெயிலில் காயவைத்துச் சாக்கில் கட்டித் தொங்கவிட்டேன். சிலது சுருங்கிவிட்டது, சிலதில் அடி அழுகல். பக்கத்து வீட்டுப் பூனை தொட்டியைக் கிளறும். அதனால் வந்த நோயா?
- வாசகி, திருநகர், மதுரை

பதில்: பூனை மேல் பழி போடாதீர்கள். சுருங்கியதற்குக் காரணம் வெயில்தான். வெங்காயத்துக்கு மேலே காய்ந்த தோல் இருக்கிறது, லில்லிக் கிழங்குக்கு அது கிடையாது, செதில் செதிலாகத் திறந்தே இருப்பதால் ஈரம் போனால் மொத்தமும் போய்விடும். நிலக்கோட்டைப் பக்கம் சம்பங்கிக் கிழங்கை நிழலில் உலர்த்தி வைப்பார்களே, அந்தப் பக்குவமும் இதற்கு ஒத்துவராது.

புள்ளியும் அழுகலும் வேறு வேறு நோய். கீழ் இலையில் முட்டை வடிவத்தில் தொடங்கி மேலே ஏறினால் அது போட்ரைடிஸ் பூஞ்சை. இலை நனைந்தே கிடந்தால் வரும். தலையோடு தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டு, காலையில் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள், புள்ளி விழுந்த இலையைக் கிள்ளி எறியுங்கள். இது பெரும்பாலும் கிழங்குவரை இறங்காது. அடி அழுகல்தான் மோசம். அது ஃபுசேரியம் என்ற பூஞ்சை, மண்ணிலிருந்து வருவது, சூடான மண்ணும் தேங்கிய நீரும் அதற்குக் கொண்டாட்டம். வேர் கிளம்பும் அடித்தட்டு பழுப்பாகிச் செதில்கள் கழன்று வந்தால் அந்தக் கிழங்கைக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். அந்த மண்ணிலும் மறுபடி லில்லி வைக்காதீர்கள்.

இன்னொன்று, பூ வாடியதும் பூத்தலையை மட்டும் கிள்ளியிருக்க வேண்டும். பச்சை இலைதான் கிழங்குக்குச் சோறு போடுகிறது. இலை தானாக மஞ்சளாகிக் காயும்வரை பொறுத்து, அப்புறம் கையால் மண்ணைத் தள்ளி எடுங்கள், வேரை அறுக்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கார்பன்டசிம் (பூஞ்சைக்கொல்லி மருந்து) கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து (கையுறை போட்டுக்கொள்ளுங்கள்), நிழலில் மேல் ஈரம் போனதும், லேசாக ஈரமான தென்னை நார்க்கழிவில் புதைத்து, துளை போட்ட பாலித்தீன் பையில், ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். பிழிந்தால் சொட்டக் கூடாது, அவ்வளவுதான் ஈரம். பக்கத்தில் ஆப்பிள், வாழைப்பழம் இருக்கவே கூடாது, அவை விடும் எத்திலீன் வாயு முளையைக் கெடுத்துவிடும். பைமேல் பெயர் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் யாராவது குழம்பில் போட்டுவிடுவார்கள்.

ஆறு முதல் எட்டு வாரக் குளிர் கிடைத்தால்தான் லில்லி ஒழுங்காகப் பூக்கும். அதை மதுரை மண் தராது, ஃப்ரிட்ஜ்தான் தர வேண்டும். அக்டோபர் கடைசி, நவம்பரில் நடுங்கள், அதற்கு முன்பே முளை விட்டால் காத்திருக்காமல் நட்டுவிடுங்கள். தண்டிலிருந்தும் வேர் விடும் என்பதால் கிழங்குக்கு மேலே ஐந்தாறு விரல்கடை மண் வேண்டும். இத்தனை செய்தும் இரண்டாம் வருடம் பூ சிறுத்துத்தான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையில் வியாபாரத்துக்கு வளர்ப்பவர்களே பெரும்பாலும் நெதர்லாந்துக் கிழங்கைப் புதிதாக வாங்கித்தான் நடுகிறார்கள்.

அந்தப் பூனை விஷயம். லில்லியால்தான் அதற்கு ஆபத்து. இலையைக் கடித்தாலோ, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலோகூடச் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகலாம். தொட்டிகளைச் சுற்றி வலை கட்டுங்கள், பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.