எலும்பு சிமென்ட்டில் மருந்து கலந்தால் ஊசி வேண்டாமா?

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றப்போகிறார்கள். செயற்கை மூட்டை எலும்போடு ஒட்டும் சிமென்ட்டிலேயே ஆன்டிபயாடிக் கலப்பார்களாம். ஊசி தேவையில்லையா?

பதில்: ஊசி கட்டாயம் வேண்டும். தோலைக் கீறுவதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் செஃபசோலின் போன்ற ஆன்டிபயாடிக் ரத்தக் குழாய் வழியாக ஏறிவிட வேண்டும். சிமென்ட் மருந்து அதற்குத் துணைதான். செயற்கை மூட்டின் உலோகத்துக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. அதன்மேல் கிருமி ஒட்டிப் படலம் கட்டிவிட்டால், ரத்தத்தில் வரும் மருந்தால் அதை அழிப்பது மிகக் கடினம். அதனால்தான் 40 கிராம் சிமென்ட் தூளில் அரை முதல் ஒரு கிராம் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் சேர்க்கிறார்கள். சிமென்ட்டிலிருந்து மருந்து முதல் சில நாட்களில் நிறையக் கசியும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான். கூடுதலாகப் போட்டால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் 2 கிராமைத் தாண்டினால் சிமென்ட்டின் வலு குறையும். நாளடைவில் விரிசல் விட்டு மூட்டே ஆட்டம் காணலாம். அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறோ மருந்து ஒவ்வாமையோ இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.