பாலையாவின் முகம்

வணக்கம் சார்.

பெரிய விஷயம் ஒன்றுமில்லை. எனக்கும் என் மைத்துனனுக்கும் பல வருடமாக நடக்கிற சண்டை. கவுண்டமணிக்கு அப்புறம் தமிழில் காமெடியனே இல்லை என்பது என் கட்சி. அவனுக்கு வடிவேலுதான் எல்லாம். நாகேஷ் விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒன்று. அந்த வேகத்தில் வசனம் பேச இன்னொருவர் பிறந்து வரவேண்டும். ராத்திரி சாப்பிடும்போது எங்கள் வீட்டில் காமெடி சேனல்தான் ஓடும். நூறு தடவை பார்த்த காட்சிக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. ஆனால் இந்த காமெடி போட்டி நிகழ்ச்சிகளைப் பார்த்தால் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது. நடுவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், நான் தட்டைக் கழுவ எழுந்து போய்விடுகிறேன். எனக்கு 52 வயது. வயசாகிவிட்டதா, இல்லை அவர்களுக்குச் சிரிக்கவைக்கத் தெரியவில்லையா?

ஆர்., கரூர்

அன்புள்ள ஆர்.,

52 எல்லாம் ஒரு வயதா? நூறாவது தடவையும் சிரிக்கிறவருக்கு வயதாகவில்லை, அதை விடுங்கள்.

நீங்களும் மைத்துனரும் ஒத்துப்போகிற ஒரே இடத்தில்தான் எனக்கு உங்கள் இருவரோடும் தகராறு. நாகேஷின் வேகம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் எங்கள் தெருவில் டிவி கிடையாது. ரேடியோவில் ஒலிச்சித்திரம் போடுவார்கள், முழுப் படத்தையும் வெட்டி ஒரு மணி நேரத்துக்குள் அடக்கி. ‘காதலிக்க நேரமில்லை’யை முதலில் அப்படித்தான் கேட்டேன். சினிமா எடுக்கப் பணம் கேட்கும் பிள்ளை செல்லப்பா, எஸ்டேட் முதலாளியான அப்பாவிடம் பேய்க்கதை சொல்லும் காட்சி. வாயாலேயே பின்னணி இசை, வாயாலேயே கதவுச் சத்தம். நாகேஷ் மட்டுமே இருப்பதுபோல இருந்தது. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் அதை அப்படியே செய்து காட்டினேன். ஒருத்தனும் சிரிக்கவில்லை.

சில வருடம் கழித்து, தூர்தர்ஷனில் ஞாயிறு சாயங்காலப் படமாக அது வந்தபோது, பக்கத்து வீட்டுக் கூடத்தில் முப்பது பேரோடு தரையில் உட்கார்ந்து பார்த்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. கூடமே பார்த்துக்கொண்டிருந்தது செல்லப்பாவாக வரும் நாகேஷை இல்லை, அப்பாவாக வரும் டி.எஸ். பாலையாவை. கதை நகர நகர அந்தக் கண்கள் விரிகின்றன, வாய் லேசாகத் திறக்கிறது, உடம்பு ஒடுங்குகிறது. பிள்ளை கதைவிடுகிறான் என்று தெரியும், ஆனாலும் பயம். பணம் போட மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டிருந்த பெரிய மனிதர் ஐந்து வயதுக் குழந்தையாகிவிடுகிறார். ரேடியோவில் எனக்குக் கிடைக்காமல் போனது அந்த முகம்தான். என் வகுப்பில் யாரும் சிரிக்காததற்கும் அதுதான் காரணம். எனக்கு ஒரு பாலையா இல்லை.

ஸ்ரீதர் இயக்கி 1964-ல் வந்த படம். வசனத்தில் சித்ராலயா கோபுவின் கை உண்டு. அடுத்த வருடமே ‘திருவிளையாடல்’ படத்தில் ஹேமநாத பாகவதராக அதே பாலையா வருகிறார். அங்கேயும் ராத்திரியில் விறகுவெட்டி பாடுவதைக் கேட்பதுதான் அவருடைய பெரிய காட்சி. கேட்ட பிறகு ஊரைவிட்டே போய்விடுகிறார். கேட்பதற்கென்றே பிறந்த நடிகர் என்று சொல்லத் தோன்றுகிறது.

இதை வைத்துக்கொண்டு உங்கள் கவுண்டமணியைப் பாருங்கள். ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழம். கொடுத்தது ஒரு ரூபாய், கேட்டது இரண்டு பழம், வந்தது ஒன்று. இன்னொன்று எங்கே என்ற கேள்விக்கு, வாங்கப் போன செந்திலிடம் ஒரே பதில்தான்: அந்த இன்னொன்றுதான் இது. எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில், அதே முகம், துளி கள்ளத்தனம் கிடையாது. அந்தப் பதிலில் சிரிக்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. அது கவுண்டமணியின் காதில் விழுந்து, பொறுமையாகி, சந்தேகமாகி, கடைசியில் கொலைவெறியாகும் வரைக்கும் படிப்படியாக ஏறுகிறதே, அங்கேதான் சிரிப்பு. எல்லோரும் அவரை வசனத்துக்காகக் கொண்டாடுகிறோம். அவர் கேட்ட விதத்தை யாரும் பேசுவதில்லை.

மைத்துனர் கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும். வடிவேலுவிடம் சொல்கிறவரும் கேட்கிறவரும் ஒரே ஆள். வாய் சவடால் விட்டு முடிப்பதற்குள் முகத்துக்கு அடி எங்கிருந்து வரப்போகிறது என்று தெரிந்துவிடும். ‘ஃப்ரெண்ட்ஸ்’ நேசமணியைக் காமெடி சேனலில் சுத்தியல் விழுகிற இடத்திலிருந்து போட்டால் பாதிதான் சிரிப்பு வரும். அதற்கு முன்னால் காண்ட்ராக்டராக அவர் பண்ணும் அதிகாரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஒரு அடிக்கு அத்தனை கனம். 2001-ல் விழுந்த சுத்தியலுக்கு 2019 மே மாதத்தில் நேசமணி பிழைக்கவேண்டும் என்று இணையத்தில் உலகமே விளையாட்டாகப் பிரார்த்தனை செய்ததே, அந்தக் கூத்தும் ஞாபகம் வருகிறது. மற்றபடி இரண்டு பேரில் யார் பெரியவர் என்று தீர்ப்பு சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தை ஏன் கெடுப்பானேன்?

நாகேஷைக் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ‘மைக்கேல் மதன காமராஜ’னில், ‘காதலிக்க நேரமில்லை’க்கு 26 வருடம் கழித்து, கையாடல் செய்து மாட்டிக்கொண்ட மேனேஜர் அவிநாசியாக வருகிறார். இப்போது கேட்கிற இடத்தில் அவர். முதலாளி பேசப் பேச அந்த உடம்பு குழைவதைப் பாருங்கள், வேகமெல்லாம் எங்கே போனதென்று தெரியாது. அந்தப் படத்துக்கு வசனம் கிரேஸி மோகன். ஒருவர் சொன்னதை இன்னொருவர் வேறு மாதிரி காதில் வாங்குவதுதான் அவருடைய முக்கால்வாசி நகைச்சுவை.

சரி, போட்டி நிகழ்ச்சிகள். நான் மேலே சொன்ன காட்சிகளில் கேட்கிறவரோ அடிபடுகிறவரோ ஒருவராவது சிரிக்கிறார்களா? பாலையா நடுங்குகிறார், கவுண்டமணி கொதிக்கிறார், நேசமணி மயங்கி விழுகிறார். சிரிக்கிற வேலை முழுக்க நமக்கு மிச்சம் வைக்கப்பட்டிருக்கிறது. போட்டி நிகழ்ச்சியிலோ மேடையில் இருப்பவர் ஒரு வரி சொன்னவுடன் கேமரா நடுவரிடம் ஓடுகிறது. அவர் மேஜையைத் தட்டுகிறார், பக்கத்தில் இருப்பவர் கண்ணைத் துடைக்கிறார், பின்னால் ஒரு சத்தம் வேறு போடுகிறார்கள். நமக்காக யாரோ சாப்பிட்டு ஏப்பமும் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் தட்டைக் கழுவப் போவதுதான் நியாயம். மேடையில் நிற்கும் பையன்களைக் குறை சொல்லாதீர்கள். அவர்களில் நல்ல திறமைசாலிகள் இருக்கிறார்கள், அவர்கள் எதிரில் நம்பி பயப்படவோ கோபப்படவோ ஓர் ஆளைத்தான் யாரும் உட்காரவைப்பதில்லை. (திரையில் தானே சிரித்து நம்மையும் சிரிக்கவைத்தவர் என்.எஸ். கிருஷ்ணன். ‘ராஜா ராணி’யில் சிரிப்பைப் பற்றியே ஒரு பாட்டில் விதவிதமாகச் சிரித்துக் காட்டுவார். அது கலைவாணர். எல்லோருக்கும் கூடிவராது.)

அடுத்த தடவை ‘காதலிக்க நேரமில்லை’ போட்டால் அந்தக் காட்சியில் டிவி சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாலையாவை மட்டும் பாருங்கள். மைத்துனரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள், ரிமோட் மட்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.