மியன்மார் கடவுச்சீட்டும் திப்பு அரண்மனைக் கட்டணமும்

மியன்மார் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நீங்கள், திப்பு அரண்மனை நுழைவுச்சீட்டுக்கு இணையத்தில் கூடுதல் தொகை காட்டுகிறதே, வெளிநாட்டவர் கட்டணம்தான் செலுத்த வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கட்டணத்தை நீங்கள் செலுத்த வேண்டியதில்லை. பெங்களூரிலுள்ள திப்பு சுல்தானின் கோடைக்கால அரண்மனை இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதாலும், வங்காள விரிகுடாப் பகுதி நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக்கில் (BIMSTEC) மியன்மார் 1997 முதல் உறுப்பு நாடாக இருப்பதாலும், உங்களுக்கும் இந்தியர்களுக்குரிய கட்டணமே பொருந்தும். வெளிநாட்டவர் கட்டணம் இதைவிடப் பத்து மடங்குக்கும் அதிகம் என்பதால், யாங்கோனிலிருந்து குடும்பத்தோடு செல்லும் உங்களுக்கு இது சிறிய தொகையன்று.

இணையத்தில் கூடுதல் தொகை காட்டுவதற்கு, நாட்டினம் கேட்கும் இடத்தில் பொதுவாக "வெளிநாட்டவர்" என்று தேர்ந்தெடுத்ததே காரணமாக இருக்கலாம். பணம் செலுத்துமுன் அங்கே பிம்ஸ்டெக் என்ற பிரிவு தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். நுழைவாயிலில் காட்டுவதற்கு எல்லோருடைய அசல் கடவுச்சீட்டையும் கையில் வைத்திருங்கள். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை.

ஆனால் இச்சலுகை தொல்லியல் துறையின் இடங்களுக்கு மட்டுமே உரியது. பெங்களூர் அரண்மனை தனியார் உடைமை. லால்பாக் மாநிலத் தோட்டக்கலைத் துறையினுடையது. அங்கெல்லாம் அவரவர் விதிப்படியே வாங்குவார்கள்.

1791-இல் கட்டி முடிக்கப்பட்ட திப்பு அரண்மனை பெரிதன்று. அவசரப்பட்டால் கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். அப்படிச் செய்யாதீர்கள். தேக்குத் தூண்களின் அருகே நின்று, அவை மேலே வளைவுகளோடு இணையும் இடத்தை அண்ணாந்து பாருங்கள். தேக்கோடு பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு அந்த மரவேலையின் அருமை உடனே புரியும்.